சாரம் கட்டிய காலம்

2019 ஏப்ரல் 11ஆம் தேதி, பாரிஸின் நோத்ர தாம் தேவாலயக் கூரையின் நடுவிலிருந்த ஊசிக் கோபுரத்தைச் சுற்றி நின்ற 16 செப்புச் சிலைகளை ஒரு ராட்சதக் கிரேன் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறக்கியது. பன்னிரண்டு திருத்தூதர்கள், நான்கு நற்செய்தியாளர்கள். 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் அந்தக் கோபுரத்தைப் புதிதாக எழுப்பியபோது வைத்த சிலைகள் அவை. கோபுரத்தைப் பழுதுபார்க்கச் சாரம் கட்டியிருந்தார்கள். அதே வேலையின் ஒரு பகுதியாகச் சிலைகளும் பட்டறைக்குப் போயின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 15 மாலையில், கூரை தீப்பற்றியது. எட்டு மணிக்குள் கோபுரம் எரிந்து முறிந்து, கல் விதானத்தைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. சிலைகள் தப்பின.

சிலைகளைக் காப்பாற்றியது பழுதுபார்ப்பு வேலைதான். கூரையை எரித்ததும் அதுவேயா என்று கேட்டால் அறுதியாகச் சொல்ல முடியாது. சதி நடந்ததற்கான தடயம் எதுவும் இல்லை என்றும், சரியாக அணைக்கப்படாத சிகரெட்டோ மின்கோளாறோ காரணமாக இருக்கலாம் என்றும் 2019 ஜூனில் பாரிஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்னது. அதற்கு மேல் உறுதியான விடை வரவில்லை. ஆனால் வரலாற்றுப் புகழ் பெற்ற கட்டடங்களின் தீவிபத்துகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நூற்றாண்டுக் கணக்கில் மழை, இடி, கலவரம், கவனிப்பின்மை எல்லாவற்றையும் தாண்டி நின்ற கட்டடங்கள், யாரோ அக்கறையோடு செப்பனிட வந்த நேரத்தில் எரிந்திருக்கின்றன.

எல்லாத் தீயும் இந்தக் கணக்கில் வராது. கியோட்டோவின் பொற்கோயிலை 1950இல் இளந்துறவி ஒருவர் வேண்டுமென்றே கொளுத்தினார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அவை குற்றங்கள், அரசியல். விபத்துகளோடு ஒரே தராசில் வைக்கக் கூடாதவை. இங்கே நான் பேச எடுத்துக்கொண்டது யாரும் விரும்பாத தீயைப் பற்றி.

முதலில் பொறிமுறையைப் பார்த்துவிடலாம். ஐரோப்பியப் பெருந்தேவாலயம் ஒன்றின் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது கல் விதானம். உண்மையான கூரை அதற்கும் மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தேவாலயத்தின் முழு நீளத்துக்கும் ஒரே பரணாக ஓடும் இருண்ட வெளி. அதில் உத்திரமும் கைமரமும் குறுக்குச் சட்டமுமாக நெருங்கி நிற்கும் ஓக் மரங்கள். நோத்ர தாமிலும் சார்த்ரிலும் இதைக் ‘காடு’ என்றே அழைத்தார்கள். வெளிப்புறத்தில் ஈயத் தகடு அல்லது செம்புத் தகடு போர்த்தியிருக்கும். எட்டு நூற்றாண்டு உலர்ந்த மரம், புறாக்கூட்டின் சுள்ளி, தூசி, தடுப்புச் சுவரே இல்லாத நீளமான காற்றுவெளி. மழையை உள்ளே விடாத அதே தகடு, தீயணைப்புக் குழாயின் நீரையும் உள்ளே விடாது.

இந்தப் பரணுக்குள் சாதாரண நாளில் நெருப்புக்கு வேலை இல்லை. தகடு கிழிந்து ஒழுகும்போதுதான் நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறுகிறார். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதை இணைக்கப் பயன்படும் எரிவாயுச் சுடரின் வெப்பம் ஆயிரம் டிகிரியை எளிதில் தாண்டும். சுடர் பட்ட தகட்டின் அடியில் பலகை. பொறி ஒன்று பலகைச் சந்துக்குள் விழுந்தால் உடனே எரியாது; தூசிக்குள் கனன்றுகொண்டே இருக்கும். வேலையாள் கருவிகளை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அது மரத்தைப் பிடிக்கும். சுடர் வேலை முடிந்த பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும் என்று இன்றைய விதிகள் கேட்பது இதனால்தான்.

சார்த்ர் தேவாலயத்தின் ‘காடு’ 1836 ஜூன் 4ஆம் தேதி இப்படித்தான் போனது. கூரையின் ஈயத்தைச் சரிசெய்துகொண்டிருந்த வேலையாட்களின் கவனக்குறைவு. கல் விதானம் தாங்கியதால் கீழே இருந்த வண்ணக் கண்ணாடிகள் பிழைத்தன. அவற்றைப் பார்க்கத்தானே இன்று உலகம் அங்கே போகிறது.

ரோமின் புனித பவுல் பேராலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நகரின் பழைய மதிலுக்கு வெளியே நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆலயம் அது. 1400 ஆண்டுகள் நின்றது. மரக்கூரைக்குக் கீழே கல் விதானம் கிடையாது. உத்திரம் எரிந்தால் நேராக ஆலயத்தின் நடுவில்தான் விழ வேண்டும். 1823 ஜூலை 15ஆம் தேதி இரவு அதுதான் நடந்தது. பகலில் கூரையின் ஈய வாய்க்கால்களைச் செப்பனிட்டவர்களின் அலட்சியம் காரணம் என்கிறது வரலாறு. எரிந்து விழுந்த மரங்களின் வெப்பத்தில் பளிங்குத் தூண்கள் வெடித்தன. சில நாட்களுக்கு முன் கீழே விழுந்து படுத்த படுக்கையாகியிருந்த போப் ஏழாம் பத்திநாதர் காதில் இந்தச் செய்தியைப் போட யாருக்கும் துணிவு வரவில்லை. ஆகஸ்ட் 20ஆம் தேதி, அது தெரியாமலேயே அவர் கண்மூடினார்.

அடுத்து நடந்தவற்றைப் படித்தால் 2019 பாரிஸை முன்கூட்டியே எழுதிவைத்தது போல இருக்கும். புதுப் பாணியில் கட்டலாம் என்றார் வலாதியே என்ற கட்டடக் கலைஞர். பழையதைப் போலவே கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார் புதிய போப் பன்னிரண்டாம் சிங்கராயர். 1825இல் உலகெங்கும் நன்கொடை கேட்டார். கத்தோலிக்கர்கள் மட்டும் கொடுக்கவில்லை. எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி பாஷா வெண்ணிற அலபாஸ்டர் கல் தூண்களை அனுப்பினார். கீழைத் திருச்சபையைச் சேர்ந்த ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸிடமிருந்து பச்சை மலக்கைட்டும் நீலக்கல்லும் வந்தன. திருநிலைப்படுத்தும் சடங்கு 1854 டிசம்பரில் நடந்தது. 31 ஆண்டுகள். இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது நான்காம் நூற்றாண்டின் அளவுகளில் நிற்கும் 19ஆம் நூற்றாண்டுப் பளபளப்பை. எனக்குப் படங்களில் பார்க்கும்போதே அந்த மினுமினுப்பு கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

சாரமே எரிபொருளான கதைகளும் உண்டு. லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயத்தைச் செப்பனிடுவது பற்றி ஆராயக் கிறிஸ்டோபர் ரென், ஜான் ஈவ்லின் உள்ளிட்டோர் 1666 ஆகஸ்ட் 27 அன்று நேரில் சென்று பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் நகரில் பெருந்தீ மூண்டது. செப்டம்பர் 4 அன்று தீ பேராலயத்தை எட்டியபோது அதைச் சுற்றி மரச்சாரம் நின்றது. நெருப்புக்கு ஏணி கிடைத்துவிட்டது. பாதுகாப்பு என்று நம்பி நிலவறையில் புத்தக வணிகர்கள் அடுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் சாம்பலானது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுகள் ரைம்ஸ் தேவாலயத்தில் விழுந்தபோதும், போருக்கு முன்பே வடக்குக் கோபுரத்தைச் செப்பனிடக் கட்டியிருந்த பைன் மரச்சாரம்தான் முதலில் பற்றியது. அதிலிருந்து கூரைக்கு. உருகிய ஈயம், மழைநீர் வடிய வைத்த கல் பூதங்களின் வாய் வழியாக ஒழுகி உறைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கருவிகள் மாறின, கதை மாறவில்லை. தென் இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்ட் 30 அன்று எரிந்தது. கூரை ஈயத்தில் சுடர் வேலை. பணி முடியச் சில நாட்களே பாக்கி. எச். ஜி. வெல்ஸின் தாயார் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்த மாளிகை அது. மேல்தளம் எரிந்துகொண்டிருக்க, கீழ்த்தளத்தின் படங்களையும் மேசை நாற்காலிகளையும் ஊழியர்களும் தன்னார்வலர்களும் கைக்குக் கை மாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் விண்ட்சர் அரண்மனை. அங்கே மின்கம்பிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1992 நவம்பர் 20 அன்று தனிச் சிற்றாலயத்தில் ஒரு மின்விளக்கின் சூட்டில் திரைச்சீலை பற்றியது. 15 மணி நேரம் எரிந்து 115 அறைகளைச் சேதப்படுத்தியது. கம்பி மாற்றும் வேலைக்காகப் பெரும்பாலான ஓவியங்களை முன்கூட்டியே அகற்றியிருந்ததால் அவை பிழைத்தன. நகர்த்த முடியாத அளவு பெரிதாக இருந்ததால் அங்கேயே விட்டுவைத்த வில்லியம் பீச்சியின் ஓவியம் எரிந்துபோனது. நோத்ர தாமின் சிலைகளுக்கு நேர்ந்ததே இங்கும். பழுதுபார்ப்பு ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்தது.

நாடக அரங்குகளில் நடந்தவை இன்னும் விபரீதம். பார்சிலோனாவின் லிசெயு இசையரங்கில், மேடையில் தீப்பிடித்தால் பார்வையாளர் பகுதிக்குப் பரவாமல் தடுக்கவென்று ஓர் இரும்புத் திரை இருந்தது. 1994 ஜனவரி 31 அன்று அந்தத் திரையைச் சுடர் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பொறி மேடையின் துணித் திரையில் பட்டது, அரங்கமே போனது. வெனிஸின் லா பெனிசே அரங்கு இரண்டாண்டு கழித்து, 1996 ஜனவரி 29 இரவில் எரிந்தது. அங்கே மின்வேலை எடுத்திருந்த இரண்டு பேர், வேலை தாமதமானதற்கு அபராதம் கட்டும்படி ஆகுமே என்று தாங்களே தீ வைத்தார்கள் என நீதிமன்றம் தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்பியது. சிறு தீயாக முடிந்துவிடும் என்று எண்ணியிருப்பார்கள் போலும். அந்த நேரம் பார்த்து அரங்கை ஒட்டிய கால்வாய்களைத் தூர்வாருவதற்காக வற்றச் செய்திருந்தார்கள். தண்ணீரின் மேல் மிதக்கும் நகரத்தில் தீயணைப்புப் படகு அருகே வர நீர் இல்லை.

இவற்றை எல்லாம் ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுவது வழக்கம். பழி, கூரை மேல் நின்ற கூலியாளின் தலையில் இறங்கும், கோப்பு மூடப்படும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பொறி எங்கும் விழும். விழுந்த பொறி முழுக் கட்டடத்தையும் தின்னும்படி யார் வழி திறந்து வைத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு கிளாஸ்கோ போக வேண்டும்.

கிளாஸ்கோ கலைப் பள்ளியின் கட்டடம் சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷின் தலைசிறந்த படைப்பு. 1897க்கும் 1909க்கும் இடையே இரண்டு கட்டமாக எழுந்தது. அதன் நூலகம் நவீனக் கட்டடக் கலை மாணவர்களுக்கு யாத்திரைத் தலம். 2014 மே 23 அன்று அடித்தளத்தில் ஒரு மாணவர் படைப்புக்காகப் பயன்படுத்திய நுரைக் குப்பியிலிருந்து கசிந்த வாயு, படவீழ்த்தியின் சூட்டில் பற்றியது. மெக்கின்டோஷ் காலத்தில் கட்டடத்தைச் சூடாக வைக்கச் சுவர்களுக்குள் அமைத்த காற்றுக் குழாய்கள் பயனற்று, ஆனால் திறந்தே கிடந்தன. தீ அவற்றின் வழியே மேல்தளம் வரை விறுவிறுவென்று ஏறியது. நூலகம் எரிந்தது. இதில் வலிக்கும் சேதி வேறு: தீயை அடக்கும் நீர்த்தூவல் அமைப்பு ஒன்றைப் பொருத்தும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. இடையில் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டதால் வேலை தாமதமாகி, அமைப்பு இயக்கத்துக்கு வந்திருக்கவில்லை.

நாடு முழுவதும் துக்கம், நன்கொடைகள், நான்காண்டுச் செப்பனிடல். எரிந்த நூலகத்தை ஆணி அளவுக்கு ஆராய்ந்து மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 2019இல் திறப்பதாகத் திட்டம். 2018 ஜூன் 15 நள்ளிரவுக்குச் சற்று முன் மீண்டும் தீ. இந்த முறை எஞ்சியது ஓடு மட்டும். பக்கத்துக் கட்டடமும் சேர்ந்து எரிந்தது. புதிய நீர்த்தூவல் அமைப்பு இந்த முறையும் இயங்கும் நிலையில் இல்லை. ஸ்காட்லாந்து தீயணைப்புத் துறை மூன்றரை ஆண்டுகள் இடிபாடுகளைக் கிளறிப் பார்த்துவிட்டு, 2022 ஜனவரியில் அறிக்கை தந்தது: காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை. சாட்சியத்தையும் தீயே தின்றுவிட்டது.

ஒரே கட்டடம், இரண்டு தீ. இரண்டு முறையும் பாதுகாப்பு ‘வந்துகொண்டிருந்தது’. செப்பனிடும் கட்டடத்தின் இயல்பே அதுதான். பழைய பாதுகாப்பைக் கழற்றியாகிவிட்டது, புதியது இன்னும் பொருத்தப்படவில்லை. கதவுகள் கழற்றப்பட்டிருக்கும், தளங்களில் துளைகள், வெட்டும் தூசியால் ஓயாமல் அலறும் புகை உணர்கருவியைத் தற்காலிகமாக அணைத்திருப்பார்கள். தற்காலிக மின்கம்பிகள் தரையில் கிடக்கும். பெயிண்ட், மரத்தூள், பாலித்தீன் தாள். ஓர் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே பல துணை ஒப்பந்ததாரர்கள். மாலையில் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆகவே ஒருவருக்கும் இல்லை.

நோத்ர தாமில் உணர்கருவி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாலை 6.20 மணியளவிலேயே எச்சரிக்கை ஒலித்தது. பலகையில் தெரிந்த குறியீட்டைப் புரிந்துகொள்வதில் குழப்பம். பணிக்குப் புதியவர் சொன்னதைக் கேட்டுக் காவலர் ஏறிப் பார்த்தது பக்கத்திலிருந்த பூசைப் பொருள் அறையின் பரணை. அங்கே ஒன்றும் இல்லை. தவறு தெரிந்து அவர் பெரிய பரணின் படிகளில் ஏறிச் சேர்ந்தபோது அரை மணி நேரம் போய்விட்டது. பரணுக்குள் தடுப்புச் சுவரோ நீர்த் தெளிப்பான்களோ இல்லை. அது மறதியால் நேர்ந்த குறை அல்ல. பழைய மரவேலையைக் குலைக்கக் கூடாது என்று தெரிந்தே எடுத்த முடிவு. ஓக் மரம் மெதுவாகத்தான் எரியும், ஆள் ஏறிப் பார்த்துச் சொல்ல நேரம் இருக்கும் என்று நம்பினார்கள்.

ஐந்து ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2024 ஏப்ரல் 16 அன்று, கோபன்ஹேகனின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் எரிந்தது. நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு உயரும் அதன் கோபுரம் நகரின் அடையாளம். 400ஆம் ஆண்டு விழாவுக்காகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். சாரம் சுற்றி நின்றது. கூரையின் செம்புத் தகடு வெப்பத்தை உள்ளே பூட்டி வைத்து, தண்ணீரை வெளியே நிறுத்தியது. வழிப்போக்கர்கள் ஓவியங்களைத் தோளில் சுமந்து தெருவைக் கடந்த படங்களை உலகமே பார்த்தது. இரண்டு நாள் கழித்து வெளிச் சுவரின் பெரும்பகுதி, சாரத்தோடு சேர்ந்து சரிந்தது.

எரிந்ததை எதைக் கொண்டு மறுபடி கட்டுவது என்பதில் ஒவ்வொரு காலமும் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது. 1836க்குப் பிறகு சார்த்ரில் மரத்தைத் தொடவே இல்லை. வார்ப்பிரும்பு வளைவுகளின் மேல் செம்பு போர்த்தினார்கள். ரயிலின் காலம் அது, இரும்பின் மேல் நம்பிக்கை இருந்தது. ரைம்ஸில் ஆன்றி தெனே என்ற கட்டடக் கலைஞர் ராக்பெல்லர் கொடுத்த பணத்தின் உதவியோடு, சிறு சிறு கான்கிரீட் சட்டங்களைக் கோத்து, தச்சர்கள் மரத்தைப் பூட்டும் முறையிலேயே ஒரு கூரையை எழுப்பினார். தீயை அஞ்சிக் கட்டியவை இந்த இரண்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்பதால் பெரிய சண்டையும் எழவில்லை.

பாரிஸில் எழுந்தது. கண்ணாடிக் கூரை, மாடித் தோட்டம் என்றெல்லாம் வரைபடங்கள் பறந்தன. கடைசியில் இருந்தபடியே கட்டுவது என்று முடிவாகி, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. உத்திரங்களைக் கோடரியால் செதுக்கினார்கள். இது ஏக்கத்தின் ஆடம்பரம் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தீக்குச் சில ஆண்டுகள் முன்புதான் ரெமி ப்ரோமோன், செத்ரிக் திரந்தெஸோ என்ற இரு இளம் கட்டடக் கலைஞர்கள் அந்தப் பரணில் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் கையால் அளந்து வரைந்திருந்தார்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் லேசர் கொண்டு முழுத் தேவாலயத்தையும் அளந்து வைத்திருந்தார். தீயைக் காணாமல் 2018இல் இறந்தார். அந்த அளவுகள் இருந்ததால்தான் மரமும் சாத்தியமானது. புதிய ‘காட்டில்’ நீர்த்தூவல் குழாய்களும் தீத்தடுப்புச் சுவர்களும் இருக்கின்றன. எட்டு நூற்றாண்டு நின்ற மரத்தைக் குற்றவாளி ஆக்காமல், அதைச் சுற்றியிருந்த ஏற்பாட்டை மாற்றியிருக்கிறார்கள்.

பணத்தின் போக்குத்தான் உறுத்துகிறது. நோத்ர தாமுக்காக 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. சுமார் 150 நாடுகளிலிருந்து வந்தது. தீக்கு முந்தைய ஆண்டுகளில், சிதைந்துவரும் கல்வேலையைச் சரிசெய்யப் பேராயர் வட்டாரம் அமெரிக்காவரை போய்க் கையேந்தியபோது கிடைத்தது சொற்பம். தடுப்புச் சுவருக்கும் இரவுக் காவலாளியின் சம்பளத்துக்கும் யாரும் தம் பெயரைப் பொறித்துக் கொடுப்பதில்லை. விண்ட்சரைக் கட்டிமுடிக்க ஆன செலவு சுமார் 3.7 கோடி பவுண்டு. அதன் கணிசமான பகுதியைப் பக்கிங்ஹாம் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்து கட்டணம் வாங்கித்தான் திரட்டினார்கள். அந்த வேலையில் ஒரு நல்லது நடந்தது. அப்பார்க் தீக்குப் பிறகு சுதை வேலையிலும் மரச் செதுக்கலிலும் மீட்டெடுத்த பழைய கைத்திறன் விண்ட்சருக்கு உடனே கைகொடுத்தது.

செப்பனிடாமலே விட்டுவிடலாமே என்று யாரும் சொல்ல முடியாது. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்தால் போதும். 1834 அக்டோபர் 16 அன்று, வழக்கொழிந்த வரிக்கணக்கு மரக்குச்சிகளை ஒழித்துக்கட்ட, பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த உலையில் நாள் முழுதும் போட்டு எரித்தார்கள். பிற்பகலில் வந்த பார்வையாளர்கள் தரை சுடுகிறது என்றார்கள். புகையில் சுவர்த் திரைகள் சரியாகத் தெரியவில்லை. யாரும் காதில் வாங்கவில்லை. மாலையில் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை கொழுந்துவிட்டு எரிந்தது. அதன் இடத்தில் எழுந்த இன்றைய கட்டடத்தின் சுவர்களுக்குள் செங்குத்தான காற்றுச் சுரங்கங்களும், அவற்றில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நீராவிக் குழாய்களும் மின்கம்பிகளும் பின்னிக்கிடக்கின்றன. கிளாஸ்கோவில் தீ ஏறிய அதே வகை வழிகள். தீக்காவலர்கள் இரவு பகலாகச் சுற்றிவருகிறார்கள். உறுப்பினர்கள் முழுவதுமாக வெளியேறி, கட்டடத்தைக் காலிசெய்து கொடுத்தால்தான் பாதுகாப்பாகச் செப்பனிட முடியும் என்பதை ஏற்று 2018 ஜனவரி 31 அன்று கீழவை 236க்கு 220 என்ற கணக்கில் வாக்களித்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், வெளியேறுவதா, பாதி பேர் மட்டும் இடம் மாறுவதா, செலவை யார் ஏற்பது என்ற விவாதம் அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்தே நடந்தது.